நிற்கச் சொல்லியும் ஓடினால்: கேள்வி பதில்

அமெரிக்காவில் கிரிமினல் வழக்கு நடத்துகிறேன். அந்த ஊர்ச் சட்டம் மட்டும் கேளுங்கள்.

கேள்வி: போலீஸ் மடக்கும்போது ஓடினால் சுடலாமா?

பதில்: ஓடுகிறான் என்பதற்காக மட்டும் சுடக்கூடாது. 1974-ல் மெம்ஃபிஸில் ஒரு வீட்டில் திருடிவிட்டு வேலி ஏறிய 15 வயதுப் பையனை, கையில் ஆயுதம் இருக்காது என்று தெரிந்தே சுட்டார்கள். எடுத்தது 10 டாலரும் ஒரு பர்ஸும். தப்புகிறவனால் மற்றவர் உயிருக்கோ உடலுக்கோ பெரிய ஆபத்து என நம்ப வலுவான காரணம் வேண்டும் என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கேள்வி: காரில் ஓடினால்?

பதில்: இங்கேதான் சிக்கல். ஜார்ஜியாவில் வேகமாகப் போனவரைத் துரத்தி, பின்னால் இடித்துக் காரைக் கவிழ்த்தார் ஒரு காவலர். ஓட்டியவருக்குக் கைகால் விளங்காமல் போயிற்று. வீடியோவைப் பார்த்த நீதிபதிகள் 2007-ல், 8-க்கு 1 என்று காவலர் பக்கம் நின்றார்கள்.

2016, ஹூஸ்டன். வாடகைக் காருக்குச் சுங்கக் கட்டண பாக்கி, அதற்காகத்தான் நிறுத்தினார்கள். கார் நகர்ந்ததும் காவலர் கதவடிப் படியில் தாவி ஏறினார். ஏறிய இரண்டு விநாடியில் முதல் குண்டு. கீழ் நீதிமன்றங்கள் அந்த இரண்டு விநாடியை மட்டும் பார்த்தன. அது தவறு, நடந்தது முழுவதையும் பார்க்க வேண்டும் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

கேள்வி: அவன் காரை எடுக்காவிட்டால் இதெல்லாம் நடந்திருக்குமா?

பதில்: நடந்திருக்காது. காவலர் படியில் ஏறாவிட்டாலும்தான்.

கேள்வி: அப்போ போலீஸ் மேல்தான் தப்பா?

பதில்: அப்படி நான் சொல்லவில்லை, நீதிமன்றமும் சொல்லவில்லை. ஆபத்தைக் காவலரே வரவழைத்துக்கொண்டால் என்ன என்ற கேள்வியைத் தொடாமலே விட்டுவிட்டார்கள். ஆனால் ஓட்டுபவரைச் சுட்டால் வண்டி நிற்காது, ஆளில்லாத வண்டியாக ஓடும். நியூயார்க் போலீஸ் 1972-லேயே ஓடும் வண்டியை நோக்கிச் சுடுவதைக் கட்டுப்படுத்தியது சும்மா இல்லை.

கேள்வி: தமிழ்நாட்டில்?

பதில்: இந்தியாவின் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, 43-வது பிரிவு. மீதியை அங்கே வழக்காடுகிறவரிடம் கேளுங்கள்.

கேள்வி: காரை விட்டு இறங்கச் சொன்னால் மறுக்கலாமா?

பதில்: முடியாது. ஓட்டுநருக்கு 1977 தீர்ப்பு, பயணிக்கு 1997 தீர்ப்பு. சொல்லும்வரை இறங்காதீர்கள், கை ஸ்டீயரிங் மேலேயே இருக்கட்டும். லைசென்ஸ் எடுப்பதானால் வாயால் சொல்லிவிட்டு எடுங்கள்.

கேள்வி: பயந்து ஓடினால் சுடலாமா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: சின்ன அபராதம்தான், ஓடினால்?

பதில்: அதேதான். ஓடாதீர்கள். கை ஸ்டீயரிங் மேல்.