வாசகர் கேள்விகள்: அடைப்புக்குறிக்குள் அந்த ‘ஆப்ஜெக்ட்’ எதற்கு?

கேள்வி: நூலகத்தில் எடுத்த பழைய பைதான் புத்தகத்தில் ஒவ்வொரு கிளாஸ் பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ‘ஆப்ஜெக்ட்’ என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் கல்லூரியில் யாரும் அப்படி எழுதச் சொல்வதில்லை, எழுதாமலே புரோகிராம் ஓடுகிறது. எது சரி?
(கணினி அறிவியல் மாணவி, திருநெல்வேலி)

பதில்: நீங்கள் பைதான் 3 வைத்திருந்தால் இரண்டும் ஒன்றுதான். எழுதாவிட்டாலும் அந்த கிளாஸ் ஆப்ஜெக்ட் என்ற மூல கிளாஸின் பிள்ளையாகத்தான் பிறக்கும், அதன் பழக்கங்கள் இதற்கும் வரும். ஆனால் புத்தகம் எழுதியவர் காரணமில்லாமல் அப்படிப் போடவில்லை.

ஆரம்பகால பைதானில் எல்லாவற்றுக்கும் பொதுவான மூல கிளாஸ் என்று ஒன்று கிடையாது. நாம் எழுதும் கிளாஸ் ஒரு ரகம், எண், ஸ்ட்ரிங், லிஸ்ட் என்று மொழியோடு வருபவை இன்னொரு ரகம், லிஸ்டைத் தாயாக வைத்து ஒரு கிளாஸ் எழுதலாம் என்றால் அதுகூட முடியாது. 2001 டிசம்பரில் வந்த 2.2 பதிப்புதான் ஆப்ஜெக்டைக் கொண்டுவந்து இந்தப் பிரிவினையை உடைக்கத் தொடங்கியது. அதற்காக ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த புரோகிராம்களைக் கெடுக்க முடியாதே, அதனால் அடைப்புக்குறிக்குள் ஆப்ஜெக்ட் என்று எழுதினால் புது ரகம், எழுதாவிட்டால் பழைய ரகம் என்று வைத்தார்கள். 2008-இல் பைதான் 3 வந்தபோதுதான் பழைய ரகம் ஒரேயடியாகப் போனது.

நடுவில் இருந்த அந்த ஏழு வருடம் பலருக்குத் தலைவலி. நானே பைதான் 2-இல் ஒரு கிளாஸுக்கு பிராப்பர்ட்டி (மதிப்பை எடுக்கவும் கொடுக்கவும் நாமே எழுதும் வழி) எழுதி, மதிப்பெண் 100-ஐத் தாண்டினால் ஏற்காதே என்று செட்டரில், அதாவது மதிப்பைக் கொடுக்கும்போது ஓட வேண்டிய பகுதியில், சோதனையும் வைத்து, அது 150-ஐச் சத்தமே இல்லாமல் வாங்கிக்கொள்வதைப் பார்த்து அரை நாள் தேடியிருக்கிறேன். ஆப்ஜெக்ட் என்று போட மறந்திருந்தேன், அவ்வளவுதான். பழைய ரக கிளாஸில் மதிப்பை எடுக்கும்போது பிராப்பர்ட்டி வேலை செய்யும், மதிப்பைக் கொடுக்கும்போது செட்டர் பக்கமே போகாது. எரர் ஒன்று வந்திருந்தால்கூட ஐந்து நிமிடத்தில் பிடித்திருப்பேன்.

சரி, இப்போது எழுத வேண்டியதில்லை என்பதற்காக ஆப்ஜெக்டை மறந்துவிடாதீர்கள். நீங்கள் ஒரு வரி மெத்தட் (கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷன்) எழுதாத கிளாஸுக்கும் அது சில பழக்கங்களைக் கொடுத்துத்தான் அனுப்புகிறது. பிரிண்ட் செய்தால் கிளாஸ் பெயரும் ஏதோ ஒரு நீள எண்ணும் வருகிறதே, அது அதன் வேலை. 12 என்ற ஒரே ரோல் நம்பரை வைத்து மாணவர் என்ற கிளாஸிலிருந்து இரண்டு ஆப்ஜெக்ட் (இங்கே மூல கிளாஸ் அல்ல, ஒரு கிளாஸை வைத்து உருவாக்கும் பொருள்) உருவாக்கி இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்று வரும், ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று மூல கிளாஸ் பார்ப்பதில்லை, இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்று மட்டும் பார்க்கும். சரி, ரோல் நம்பரை ஒப்பிடலாம் என்று, இருபுறமும் இரட்டை அடிக்கோடு வருகிற ஈக்யூ மெத்தடை நீங்களே எழுதுகிறீர்கள். அப்புறம் அந்த மாணவரை ஒரு செட்டில் (சமமான பொருளை இரண்டு தடவை வைக்காத தொகுப்பு) போடப் போனால், இதை ஹேஷ் செய்ய முடியாது என்று எரர் வரும்! ஹேஷ் என்பது ஒரு பொருளைத் தேட செட் பயன்படுத்தும் எண். நேற்று வரை போட முடிந்ததே என்று குழம்ப வேண்டாம். சமமான இரண்டு பொருளுக்கு ஹேஷும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். நீங்கள் சமத்தின் அர்த்தத்தை மாற்றிவிட்டதால், தாயிடமிருந்து வந்த ஹேஷ் இனி பொருந்தாது என்று பைதான் 3 அதை எடுத்துவிடுகிறது. ரோல் நம்பரின் ஹேஷையே திருப்பித் தரும் ஒரு ஹேஷ் மெத்தட் எழுதுங்கள், போதும். பைதான் 2-இல் ஆப்ஜெக்ட் போட்டு எழுதிய கிளாஸ் என்றால் அது இதைக் கண்டுகொள்ளாது, ஒரே மாணவர் செட்டில் இரண்டு தடவை உட்கார்ந்திருப்பார்.

கேள்வி: ரூபி மொழியில் ஆப்ஜெக்டுக்கும் மேலே ஒரு கிளாஸ் இருக்கிறது என்கிறான் நண்பன். பைதானிலும் உண்டா? ‘டைப்’ அதற்கு மேலேயா, கீழேயா?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: ரூபியைப் பற்றி அவர் சொன்னது சரி. 1.9 பதிப்பில் பேசிக்ஆப்ஜெக்ட் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். அதில் மெத்தட் என்று பெரிதாக எதுவும் கிடையாது, வருகிற அழைப்பையெல்லாம் வாங்கி வேறோர் ஆப்ஜெக்டுக்குத் தள்ளிவிடும் கிளாஸ் எழுத அந்த வெறுமைதான் வசதி.

பைதானில் ஆப்ஜெக்டுக்கு மேலே யாரும் இல்லை. அதன் தாய் கிளாஸ்களைக் கேட்டுப் பாருங்கள், காலி டியூப்பிள்தான் (மாற்ற முடியாத பட்டியல்) வரும். டைப் விஷயத்தில் எல்லோரும் குழம்புவது, இரண்டு உறவை ஒன்றாக நினைப்பதால். யார் வயிற்றில் பிறந்தது என்பது ஒரு கேள்வி, எந்த அச்சில் வார்த்தது என்பது வேறு கேள்வி. டைப் ஆப்ஜெக்டின் பிள்ளை. ஆனால் ஆப்ஜெக்ட் உட்பட சாதாரண கிளாஸ்கள் எல்லாம் டைப் என்ற அச்சில் வார்த்தவை, டைப்பும் தன் அச்சிலேயே வார்த்ததுதான். கோழி முந்தியா முட்டை முந்தியா என்று இதை பைதானிலேயே எழுதித் தீர்க்க முடியாது, அதனால் சி மொழியில் உள்ள உட்பகுதியிலேயே இரண்டையும் இணைத்து வைத்திருக்கிறார்கள்.