இன்டரப்ட், கர்னல் என்று உட்கார்ந்திருக்கும் மகளுக்கு வேலை கிடைக்குமா?

அன்புள்ள ஐயா,

மகள் இசிஇ மூன்றாமாண்டு. கூடப் படிக்கிற பிள்ளைகள் டேட்டா சயின்ஸ், வெப் டெவலப்மென்ட் என்று சான்றிதழ் வாங்கிக் குவிக்கிறார்கள். இவள் மட்டும் நடுராத்திரி வரை இன்டரப்ட் என்று ஏதோ எழுதுகிறாள், அதுவும் ஒரே ஒரு வகை மெஷினில்தான் ஓடுமாம், இது பிழைப்புக்கு ஆகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும். ஆனால் அவள் போகிற வழியில் ஒரு திருத்தம் வேண்டும்.

முதலில் அவள் செய்வது என்ன என்று பார்ப்போம். கடையில் கணக்கு எழுதும்போது போன் அடிக்கிறது. எழுதிய வரியில் பென்சிலால் குறி வைத்துவிட்டு எடுக்கிறீர்கள். ஆர்டரைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்கிறீர்கள். சரக்கு எடுத்து வைப்பது அப்புறம். குறி வைத்த வரிக்கே திரும்பிவிடுகிறீர்கள். கீபோர்டு, டைமர், நெட்வொர்க் கார்டு எல்லாம் பிராசஸரைக் கூப்பிடுவது இப்படித்தான். அந்த அழைப்புக்குத்தான் இன்டரப்ட் என்று பெயர். அதைக் கவனிக்கும் நிரலைத்தான் உங்கள் மகள் எழுதுகிறாள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலிலும் அவசரமானதை மட்டும் உடனே முடித்து, மீதியைத் தள்ளிப்போடும் ஏற்பாடு உண்டு.

இதில் சிப்புக்குச் சிப் நடைமுறை மாறும். ஆர்ம் நிறுவன வடிவமைப்பான கார்டெக்ஸ்-எம் வகைச் சிப், இன்டரப்ட் வந்ததும் எட்டு ரிஜிஸ்டர்களை (பிராசஸர் கையில் வைத்திருக்கும் எண்களுக்கான சிறு இடங்கள்) தானே ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் எடுத்து வைத்துவிடும். ரிஸ்க்-ஃபைவ் என்ற இன்னொரு பிராசஸர் வகை அப்படியில்லை. நின்ற இடம், வந்த காரணம் என்று சிலவற்றை மட்டும் தனி ரிஜிஸ்டர்களில் குறித்துவிட்டு, மற்றதை எழுதுபவர் தலையில் கட்டிவிடும். ஒவ்வொன்றையும் பிராசஸரின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் அசெம்பிளி மொழியில் நாம்தான் பத்திரப்படுத்த வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் சம்பந்தமே இல்லாத வேறோர் இடத்தில் நிரல் கவிழும்.

வேலை முடிந்ததைத் தெரிவிப்பதும் அப்படியே. பழைய பிசியில், இன்டரப்டுகளை வாங்கி பிராசஸருக்கு அனுப்பும் 8259 என்ற கன்ட்ரோலருக்கு ஒரு கட்டளை அனுப்ப வேண்டும். ரிஸ்க்-ஃபைவில் அந்த இடத்தில் பிளிக் என்ற கன்ட்ரோலர் இருக்கிறது. அதனிடம் எந்த இன்டரப்ட் எண்ணை வாங்கினோமோ அதே எண்ணைத் திருப்பி எழுத வேண்டும். மறந்தால், முதலில் தட்டிய எழுத்து திரையில் வரும், அடுத்தது வராது. கார்டெக்ஸ்-எம்மில் பெரும்பாலும் நேர் எதிர்க் கோளாறு: கூப்பிட்ட சாதனத்தின் ஃபிளாகை, அதாவது அழைப்புக் குறியை, அழிக்காவிட்டால், அதைக் கவனிக்கும் அதே நிரல் திரும்பத் திரும்ப ஓடி மெயின் நிரல் நகரவே நகராது. இந்த அறிகுறிகளைக் கேட்டதும் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்த மாணவி, கருவிகளுக்குள் இருக்கும் சிப்புக்கு நிரல் எழுதும் எம்பெடட் வேலை நேர்காணலில் சான்றிதழ்க் கட்டோடு வருபவரைவிட நன்றாகவே எடுபடுவாள்.

ஒரே மெஷினுக்கான அறிவு வீணாகாதா என்கிறீர்கள். ராஸ்பெர்ரி பை 3 என்ற சிறு கணினி போர்டில் இருந்தது, சிப் நிறுவனமான பிராட்காமின் சொந்த இன்டரப்ட் கன்ட்ரோலர். பை 4-இல் ஆர்ம் நிறுவனத்தின் ஜிஐசி-400 கன்ட்ரோலர் வந்துவிட்டது. வாங்கியவருக்கு எதுவும் தெரியாது, அதே லினக்ஸ் ஓடியது. கர்னலின் அடித்தட்டில் அந்த மாற்றத்தைச் சமாளிக்கும் நிரலை யாரோ எழுதியதால்தான் ஓடியது. புதுச் சிப் வரும்போதெல்லாம் அந்த வேலையும் வரும். போர்டுக்கு ஏற்ப இயங்குதளத்தைப் பொருத்தும் பிஎஸ்பி, சாதனத்துக்குள்ளேயே இருக்கும் ஃபர்ம்வேர், சாதனத்தை இயக்கும் டிரைவர் என்று விளம்பரங்களில் பார்ப்பதெல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இப்போது திருத்தம். நீங்கள் அனுப்பிய அவளுடைய நிரலைப் பார்த்தேன். சுத்தமாக எழுதியிருக்கிறாள். ஆனால் மொத்தமும் 8259-க்கானது. அது 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இருந்த சிப். இணையத்தில் பாடங்கள் நிறைய இருப்பதால் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். பழகுவதற்குச் சரி, அதிலேயே நிற்கக் கூடாது. அடுத்து அமெரிக்காவின் எம்ஐடியில் பாடத்துக்காக எழுதிய எக்ஸ்வி6 கர்னலின் ரிஸ்க்-ஃபைவ் வடிவத்தைப் படிக்கட்டும். மடிக்கணினியில், வேறு சிப்பைப் போல நடித்துக் காட்டும் கியூஈமு மென்பொருளைப் போட்டால் போதும், செலவில்லை. பிறகு ராஸ்பெர்ரி பை பிகோ 2 வாங்கிக் கொடுங்கள். 2024-இல் ஐந்து டாலர் விலையில் வந்த போர்டு. அதன் ஒரே சிப்பில் ஆர்ம் கோரும் (பிராசஸர் பகுதியும்) உண்டு, ரிஸ்க்-ஃபைவ் கோரும் உண்டு. ஒரே டைமர் இன்டரப்டை இரண்டிலும் நூலக உதவியில்லாமல் எழுதி, என்ன மாறியது, ஏன் மாறியது என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ரெஸ்யூமேயில் அந்த இரண்டு பக்கத்துக்கு இருக்கும் மதிப்பு, பெரிய தொகை கேட்கும் எம்பெடட் பயிற்சி நிலையத்தின் முத்திரைக்கு இருக்காது. அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள்.

வேலைச் சந்தையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். ஐடி சேவை நிறுவனங்கள் மாதிரி நூற்றுக்கணக்கில் ஆள் எடுக்கும் துறை இல்லை இது. குவால்காம், என்எக்ஸ்பி, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்றவற்றுக்கு பெங்களூருவில் பெரிய மையங்கள் இருக்கின்றன. கோயம்புத்தூரில் பாஷ் இருக்கிறது. சென்னை ஐஐடியின் சக்தி பிராசஸரே ரிஸ்க்-ஃபைவில் எழுந்ததுதான். ஆனால் இவர்கள் எல்லாக் கல்லூரி வாசலுக்கும் வரமாட்டார்கள். இன்டர்ன்ஷிப்புக்கு நாமே எழுதிக் கேட்க வேண்டும். முதல் வேலை டெஸ்டிங்காகவோ வண்டி எலக்ட்ரானிக்ஸாகவோ அமையலாம். அங்கிருந்து டிரைவர் வேலைக்கு நகர்வது சகஜம்.

அதனால் பிளேஸ்மென்ட் பயிற்சியை அவள் விடக் கூடாது. ஆப்டிட்யூடுக்கு தினமும் ஒரு மணி நேரம், அரியர் ஒன்றும் இல்லாமல் செமஸ்டர். இது இரண்டும் அவள் பொறுப்பு. ராத்திரி லேப்டாப்பைப் பிடுங்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு. பிகோ 2-இல் ஆர்ம் பக்கம் ஓடியதும் அவளையே என்னிடம் பேசச் சொல்லுங்கள், இன்டர்ன்ஷிப்புக்கு எழுத வேண்டிய கடிதத்தை அப்போது சேர்ந்து பார்ப்போம்.