மாலத்தீவா, பார்சிலோனாவா: நம் பணம் யார் கைக்குப் போகிறது?

கேள்வி: எங்கள் கல்யாணத்தின் வெள்ளி விழாவுக்கு முதல்முறையாக வெளிநாடு போகலாம் என்று பணம் சேர்த்துவைத்திருக்கிறோம். எனக்குப் பார்சிலோனா பார்க்க ஆசை. கணவர் மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டார். கல்லூரியில் படிக்கும் மகளோ இரண்டுமே கூடாது என்கிறாள். “டூரிஸ்ட்டுகள் போய்ப் போய்த்தான் அந்த ஊர்க்காரர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. நீங்கள் கொடுக்கும் பணம் ஒரு பைசாகூட அவர்களுக்குப் போகாது, பெரிய கம்பெனிகளுக்குத்தான் போகும்” என்று வாதாடுகிறாள். “நாம் போகாவிட்டால் அந்த நாடே பட்டினி கிடக்கும். உலகத்தில் பத்தில் ஒரு வேலை டூரிசத்தால்தான் கிடைக்கிறது” என்பது கணவரின் பதில். தினமும் சாப்பாட்டு நேரத்தில் இதே சண்டை. யார் சொல்வது சரி? சுற்றுலாப் பயணிகள் ஒரு நாட்டுக்கு உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கணவர் மாலத்தீவை மனதில் வைத்துப் பேசுகிறார். மகள் பார்சிலோனாவை மனதில் வைத்துப் பேசுகிறாள். தத்தம் ஊரைப் பொறுத்தவரை இருவர் சொல்வதிலும் நிறையவே நியாயம் இருக்கிறது. அதை உலகம் முழுவதற்கும் பொருத்தப் பார்ப்பதால்தான் சாப்பாட்டு நேரம் சண்டை நேரம் ஆகிறது. ஒரு நாட்டுக்குச் சுற்றுலா எவ்வளவு முக்கியம் என்பதை வருகிறவர்களின் தலையை எண்ணிச் சொல்லிவிட முடியாது. அந்த நாட்டுக்கு வேறு என்ன பிழைப்பு இருக்கிறது, வந்த பணத்தில் எவ்வளவு அங்கேயே தங்குகிறது, இந்த இரண்டையும் பார்க்க வேண்டும்.

கணவரின் கட்சியிலிருந்து தொடங்குகிறேன். 1972 வரை மாலத்தீவில் ரிசார்ட் என்று ஒன்றுகூடக் கிடையாது. சூரை மீனைப் பிடித்து, மாசிக் கருவாடாக்கி விற்றுப் பிழைத்த தேசம் அது. அந்த வருடம்தான் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்தது. இன்று மக்கள்தொகை ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். 2024இல் வந்த பயணிகளோ 20 லட்சத்துக்கும் அதிகம். நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் கால் பங்கு சுற்றுலாதான். அரிசி, மாவு, சர்க்கரை, டீசல், மருந்து என்று ஏறக்குறைய எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்கியாக வேண்டும். அதற்கு டாலர் வேண்டும். அந்த டாலரைப் பெரும்பாலும் பயணிகள்தான் கொண்டுவருகிறார்கள்.

கொரோனா வந்ததும் 2020 மார்ச் இறுதியில் எல்லையை மூடினார்கள், ஜூலை நடுவில் திறந்தார்கள். மூடியிருந்தது நான்கு மாதத்துக்கும் குறைவுதான். திறந்த பிறகும் கூட்டம் உடனே வரவில்லை. அந்த ஒரு வருடத்தில் நாட்டின் பொருளாதாரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. சூதாட்ட விடுதிகளை நம்பியிருக்கும் சீனாவின் மக்காவ் கதை இன்னும் மோசம், அங்கே பாதிக்கு மேல் போனது.

இவ்வளவு வேகமாகச் சரிவதற்குக் காரணம் உண்டு. பொருளாதாரக் கணக்கில் சுற்றுலாவும் ஓர் ஏற்றுமதிதான். சட்டையை ஏற்றுமதி செய்தால் சட்டை கப்பலேறிப் போகும், டாலர் வரும். சுற்றுலாவில் டாலர் வைத்திருப்பவரே விமானமேறி வந்து, கடலையும் வெயிலையும் அனுபவித்துவிட்டுப் பணத்தை வைத்துவிட்டுப் போகிறார். ஆனால் விற்காத சட்டையைக் கிடங்கில் போட்டுவைத்து அடுத்த மாதம் விற்கலாம். இன்றிரவு காலியாகக் கிடந்த அறையை நாளைக்கு விற்க முடியுமா? அந்த வருமானம் போனது போனதுதான்.

இலங்கையிலும் இதைப் பார்த்தோம். 2018இல் அங்கே 23 லட்சம் பேர் வந்தார்கள். வருமானம் 400 கோடி டாலருக்கும் மேல். 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகள், அதை அடுத்து கொரோனா. 2021இல் வந்தவர்கள் இரண்டு லட்சம்கூட இல்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குத் திருப்பித் தர முடியாது என்று அரசு அறிவித்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். வரிக் குறைப்பு, மலைபோன்ற கடன், ரசாயன உரத்துக்கு ஒரே நாளில் போட்ட தடை என்று அந்த வீழ்ச்சிக்கு வேறு காரணங்கள் நிறைய உண்டு, சுற்றுலா நின்றதால் மட்டும் வந்த வினை என்று சொல்லிவிடக் கூடாது. இருந்தாலும், ஒவ்வொரு டாலரும் தேவைப்பட்ட நேரத்தில் டாலர் வரும் முக்கியமான வழி ஒன்று அடைபட்டுக் கிடந்தது.

ஆக, கணவர் சொல்வது மாலத்தீவுக்குப் பொருந்தும். அமெரிக்காவுக்குப் பொருந்துமா? வெளிநாட்டுப் பயணிகளிடமிருந்து உலகிலேயே அதிகம் சம்பாதிக்கும் நாடு அமெரிக்கா. ஆனாலும் அதன் பொருளாதாரத்தில் சுற்றுலாவின் நேரடிப் பங்கு மூன்று விழுக்காட்டை ஒட்டித்தான் இருக்கிறது, அதிலும் பெரும்பகுதி அமெரிக்கர்களே தங்கள் நாட்டைச் சுற்றிப் பார்க்கும் செலவு. அப்புறம் அந்தப் ‘பத்தில் ஒரு வேலை’ கணக்கு. உலகப் பயண, சுற்றுலா கவுன்சில் என்ற அமைப்பு சொல்வது அது. இந்தத் தொழிலில் இருக்கும் நிறுவனங்களே சேர்ந்து நடத்தும் அமைப்பு. ஓட்டல் ஊழியரோடு, அந்த ஓட்டலுக்குக் காய்கறி அனுப்பும் விவசாயி, அந்த ஊழியர் சம்பளத்தைச் செலவழிக்கும் கடைக்காரர் வரை எல்லோரும் அதில் அடக்கம். உள்நாட்டுச் சுற்றுலாவும் அடக்கம். பொய்க் கணக்கு இல்லை. ஆனால் நேரடி வேலைகளை மட்டும் எண்ணினால் அதில் பாதிகூட வராது. கணவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

சரி, மகளின் கட்சிக்கு வருகிறேன். ரிசார்ட்டுக்குக் கொடுக்கும் பணம் எங்கெங்கே பிரிகிறது? விமான டிக்கெட் பணம் பெரும்பாலும் வேறொரு நாட்டு விமான நிறுவனத்துக்கு. அறை பதிவு செய்யும் இணையதளத்துக்குக் கமிஷன். ரிசார்ட் வெளிநாட்டு ஓட்டல் குழுமத்துடையதாக இருந்தால் லாபம் அங்கே. உள்ளூர் முதலாளி என்றாலும், பெயருக்கும் நிர்வாகத்துக்கும் கட்டணம் வெளியே போவது வழக்கம். தட்டில் வைக்கும் இறைச்சி, பழம், வெண்ணெய் எல்லாம் விமானத்திலோ கப்பலிலோ வந்தவை. பரிமாறுகிறவர் பங்களாதேஷ்காரராகவோ இலங்கைக்காரராகவோ இருக்கலாம். அவர் சம்பளத்தில் பெரும்பகுதி அவர் வீட்டுக்குப் போகிறது (அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, அவரும் பிழைக்க வந்தவர்தானே). இப்படி வெளியே போவதைத்தான் பொருளாதாரக்காரர்கள் கசிவு என்கிறார்கள்.

சின்னத் தீவு நாடுகளில் கசிவு அதிகம். அங்கே விளைவதும் செய்வதும் குறைவு என்பதால் வேறு வழியில்லை. பல பொருள்களை உள்நாட்டிலேயே விளைவித்து, தயாரிக்கும் பெரிய நாட்டில் அதே பணம் நாலு கை மாறிய பிறகுதான் எல்லையைத் தாண்டும். அதற்காக, மகள் சொல்வதுபோல ஒரு பைசாகூடப் போகாது என்பதும் மிகை. தீவுக்கான குத்தகைப் பணம், விற்பனை வரி, படகுக்காரருக்கும் உள்ளூர் ஊழியர்களுக்கும் போகும் கூலி எல்லாம் அங்கேதான் தங்குகின்றன. தலைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பசுமை வரி வேறு உண்டு. ரிசார்ட்டுகளில் 6 டாலராக இருந்ததை 2025 ஜனவரியில் 12 ஆக்கிவிட்டார்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. வெகுகாலம் மாலத்தீவில் பயணிகளுக்கென்று தனித் தீவு, மக்களுக்கென்று தனித் தீவு. மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதி நடத்த 2009 வாக்கில்தான் வழிவிட்டார்கள். அதன் பிறகு மாஃபுஷி போன்ற தீவுகளில் சின்னச் சின்ன விடுதிகள் பெருகின. அங்கே தங்கினால் ரிசார்ட் செலவில் ஒரு பகுதிதான் ஆகும். நீங்கள் கொடுப்பதில் பெரிய பங்கு அந்தத் தீவுக் குடும்பங்களுக்கே போய்ச் சேரும். மது கிடைக்காது, நீச்சலுடைக்கென்று கடற்கரையில் தனி இடம் ஒதுக்கியிருப்பார்கள். அது சம்மதம் என்றால், மாலத்தீவுக்குப் போவதில் மகளுக்குப் பெரிய ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

இனி பார்சிலோனா. அந்த நகரம் இருக்கும் ஸ்பெயின், சுற்றுலாவை ஏணியாகப் பயன்படுத்தி மேலே வந்த நாடு. 1959இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டு, அந்நாளைய நாணயமான பெசெட்டாவின் மதிப்பைக் குறைத்தார்கள். 1960இல் 60 லட்சமாக இருந்த வருகை 1973இல் 3 கோடியைத் தாண்டியது. அந்தப் பயணிகள் கொண்டுவந்த அந்நியச் செலாவணி, தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்கள் இறக்குமதி செய்யப் பெரிதும் உதவியது. இன்று ஐரோப்பாவில் ஜெர்மனிக்கு அடுத்தபடி அதிகக் கார் தயாரிப்பது ஸ்பெயின்தான். 2024இல் அங்கே சுமார் 9.4 கோடிப் பேர் போனார்கள். பொருளாதாரத்தில் சுற்றுலாவின் பங்கு எட்டில் ஒரு பங்குக்கு அருகில். பெரிய பங்குதான், ஆனால் அது மட்டுமே பிழைப்பு இல்லை. மாலத்தீவுக்கும் ஸ்பெயினுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

நாடு லாபம் பார்க்கிறது என்பதால் தெருவும் லாபம் பார்க்கும் என்று சொல்ல முடியாது. பார்சிலோனாவில் குடியிருப்புகளை மாத வாடகைக்கு விடுவதைவிட, பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் அதிக வருமானம். வீட்டுக்காரர் அதைத்தானே செய்வார்? 2024 ஜூலையில் ஊர்வலம் போனவர்கள் உணவகங்களில் உட்கார்ந்திருந்த பயணிகள்மீது தண்ணீர்த் துப்பாக்கியால் அடித்தார்கள், உங்கள் மகள் அந்த வீடியோவைப் பார்த்திருப்பாள். அதற்கு முந்தைய மாதம்தான், சுமார் 10,000 சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்களில் ஒன்றையும் 2028 நவம்பருக்குப் பிறகு நீட்டிக்கப்போவதில்லை என்று மேயர் அறிவித்திருந்தார். பார்க் கூயெல் என்ற பூங்கா பக்கம் போகும் 116ஆம் எண் பஸ்ஸில் உள்ளூர்க் கிழவிகளுக்கு இடமே கிடைக்கவில்லை என்பதால், கூகுள் மேப்ஸிலிருந்தே அந்த பஸ்ஸை எடுக்கவைத்த ஊர் அது.

இத்தாலியின் வெனிஸ் நிலைமை இன்னும் கவலைக்கிடம். 1951இல் பழைய நகரத்தில் ஒன்றே முக்கால் லட்சம் பேர் வாழ்ந்தார்கள், இப்போது 50,000கூட இல்லை. காலையில் வந்து, படம் எடுத்து, சாயங்காலம் கிளம்பிவிடும் கூட்டம் இடத்தை அடைக்கிறது, செலவழிப்பதோ சொற்பம். 2024இல் அவர்களுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் போட்டுப் பார்த்தார்கள். பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் இடையில் நடப்பதும் ஏறக்குறைய இதே கணக்குதான். உலகிலேயே அதிகம் பேர் போவது பிரான்ஸுக்கு. ஆனால் இந்த இரண்டில் வெளிநாட்டவரிடமிருந்து அதிகம் சம்பாதிப்பது ஸ்பெயின். பிரான்ஸ் வழியாக வேறு நாட்டுக்குப் போகிறவர்களும் ஓரிரு இரவில் கிளம்பிவிடுகிறவர்களும் நிறைய. எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட எத்தனை இரவு தங்கினார்கள் என்பதுதான் கல்லாவில் தெரியும். குறைந்த பேர், அதிகக் கட்டணம் என்று பிடிவாதமாக இருக்கும் பூட்டான்கூட, 2022இல் ஓர் இரவுக்கு 200 டாலராக உயர்த்திய கட்டணத்தை, ஆள் வராததால் அடுத்த வருடமே 100 ஆகக் குறைத்தது.

இனி உங்கள் பயணம். கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதுதான் கவனித்தேன்: உங்கள் ஆசைக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். கணவரும் மகளும் உலகப் பொருளாதாரத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறார்கள், கல்யாண வெள்ளி விழா உங்களுடையதும்தான். தம்பதியாக நீங்கள் இருவர் போவதால் ஸ்பெயின் வாழ்ந்துவிடப் போவதுமில்லை, போகாததால் பார்சிலோனாவில் வாடகை இறங்கப் போவதுமில்லை. அதனால் பார்சிலோனாவுக்கே போங்கள். மாலத்தீவு விடுதியை இன்னொரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கணவரிடம் பேசுங்கள், ரிசார்ட்டுக்குப் பதில் விடுதி என்பதால் மிச்சமாகும் பணம் அவரைச் சமாதானப்படுத்தும்.

ஜூலை, ஆகஸ்டைத் தவிர்த்து, பிப்ரவரியிலோ நவம்பரிலோ போங்கள். குடியிருப்பு வீடு எடுக்காமல் ஓட்டலில் தங்குங்கள். நான்கு நாட்டை ஒரே வாரத்தில் காட்டும் பேக்கேஜ் வேண்டாம். அவ்வளவு தூரம் விமானத்தில் புகை கக்கிப் போகிறோம் என்பது மகளின் அடுத்த வாதமாக இருக்கும். அதற்கும் ஒரே நாட்டில் கூடுதல் நாள் இருப்பதுதான் என்னால் சொல்லக்கூடிய பதில். இரண்டு மூன்று இரவைக் ஸ்பெயினிலேயே கூட்டம் குறைந்த சரகோசா போன்ற ஊரில் கழியுங்கள். ஸ்பெயின் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரத்துக்கு விடாதீர்கள்.

சக்ராடா ஃபமிலியா தேவாலயத்தைக் கட்டாயம் பார்ப்பீர்கள். 1882இல் தொடங்கிய அந்தக் கட்டுமானம் நன்கொடையிலும் பார்வையாளர்களின் டிக்கெட் பணத்திலும்தான் நடக்கிறது. 2020இல் பயணிகள் நின்றதும் வேலையும் நின்றது, 2026க்குள் கட்டி முடிக்கும் திட்டமும் தள்ளிப்போனது. உங்கள் பணம் எங்கே போகிறது என்று மகள் கேட்டால் இங்கே விரல் நீட்டிக் காட்டலாம். டிக்கெட்டை வாசலில் வாங்க முடியாது. அவர்களின் சொந்த இணையதளத்திலேயே நாளும் நேரமும் குறித்து முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், இடைத்தரகர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.