10க்கு 11 அடி அறையில் இசைத்தட்டு: எந்த ஸ்பீக்கர்?

தரையில் நிற்கும் உயரமான டவர் ஸ்பீக்கர் வேண்டாம்; அந்த அளவு அறைக்கு, ஐந்தரை அல்லது ஆறரை அங்குல ஊஃபர் (பாஸ் எனும் தாழ்ந்த ஒலியை எழுப்பும் கூம்பு) கொண்ட சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் இணையைத் தனி ஸ்டாண்டுகளில், பின்சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வைப்பதே பொருந்தும்.

இப்போதுள்ள ஸ்பீக்கரில் பாஸ் குமுறுகிறது, தட்டு சுழலும்போது ஊஃபரின் கூம்பு முன்னும் பின்னும் ஆடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இவை இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். குமுறலுக்குக் காரணம் பெரும்பாலும் அறையே: 10 அடி இடைவெளியுள்ள சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ் ஒலி தேங்கி நின்று பெருகும். கூம்பின் ஆட்டமோ, சற்றே வளைந்த தட்டும் ஊசியைத் தாங்கும் டோன்ஆர்மின் ஒத்ததிர்வும் சேர்ந்து 10 ஹெர்ட்ஸை ஒட்டி எழுப்பும், காதுக்கு எட்டாத அசைவு. போர்ட் (பெட்டியில் காற்று போய்வரும் துளை) உள்ள புதிய ஸ்பீக்கரை வாங்கினாலும் அது உங்களை விடாது.

வாங்குவதற்கு முன், இப்போதைய ஸ்பீக்கரின் போர்ட்டைக் காலுறையால் அடைத்து (பழைய காலுறையே போதும், சிரிக்க வேண்டாம்) அதே தட்டைக் கேளுங்கள். குமுறல் அடங்கினால் போர்ட் இல்லாத மூடிய பெட்டி வகையைத் தேடலாம். கூம்பின் ஆட்டம் நிற்காவிட்டால் சப்சோனிக் ஃபில்டர் (காதுக்கு எட்டாத தாழ்ந்த அசைவை வடிகட்டுவது) உள்ள ஃபோனோ ப்ரீஆம்ப் (டர்ன்டேபிளின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) தேவைப்படும்.

ஒன்று மட்டும்: மூடிய பெட்டியில் அடியாழ பாஸ் சற்றுக் குறைவாகவே கேட்கும். எந்த வகையாயினும், டர்ன்டேபிள் இருக்கும் மேசையில் ஸ்பீக்கரை வைக்காதீர்கள்.