கர்ப்பமாக இருக்கும்போது பீனட் பட்டர் சாப்பிட்டால் குழந்தைக்கு அலர்ஜி வருமா?

தாராளமாகச் சாப்பிடலாம். உங்களுக்கே வேர்க்கடலை அலர்ஜி இருந்தால் மட்டும் தொடவே கூடாது. நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால், வீட்டில் யாரோ பாட்டிலைப் பிடுங்கி வைத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது.

மூத்தவள் வயிற்றில் இருந்தபோது எனக்குக் காலையில் எது சாப்பிட்டாலும் குமட்டும். பிரெட்டில் பீனட் பட்டர் தடவிச் சாப்பிட்டால்தான் நிற்கும். பிறந்த சில மாதத்தில் குழந்தைக்குக் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அரிப்பு) வந்தது. "வழிச்சு வழிச்சுத் தின்னாளே, அதான்" என்று மாமியாரின் அக்கா சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொன்னார். தோல் டாக்டர் முதலில் கேட்டதே, "வீட்டில் யாருக்காவது வீசிங் உண்டா?" என்றுதான். என் கணவருக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இது குடும்பத்தில் வருவது, கடலையால் வந்ததில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும், பேசியதற்கு யாரும் வருத்தப்படவில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

பெரியவர்களை மதிக்கவில்லை என்று சண்டைக்கு வராதீர்கள். ஒரு காலத்தில் டாக்டர்களுக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. குடும்பத்தில் ஆஸ்துமா, கரப்பான் இருந்தால் கர்ப்பிணிகள் கடலையைத் தவிர்ப்பது நல்லது என்று பிரிட்டனில் 1998-ல் சொன்னார்கள். போதிய ஆதாரம் இல்லை என்று 2009-ல் அதைக் கைவிட்டார்கள்.

நான் பயப்படுவது பூஞ்சைக்குத்தான். ஈரத்தில் கிடந்த கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. இளையவன் சமயத்தில் வீட்டிலேயே அரைத்தேன். சுருங்கியது, கறுத்தது, சொத்தை எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, வறுத்து, தோலை முறத்தில் புடைத்து, மிக்சியில் விட்டு விட்டு ஓட்டினால் முதலில் பொடியாகும், அப்புறம் திரளும், கடைசியில் எண்ணெய் விட்டு இளகும். ஈரக் கரண்டி போடாதீர்கள். காறல் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். கடையில் வாங்கினால் தேதியையும், சர்க்கரை எவ்வளவு என்பதையும் பாருங்கள்.

தின்பதற்கு இத்தனை கண்காணிப்பு! ஆனால் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு ஸ்கேன் சென்டரில் மணிக்கணக்கில் காக்க வைப்பார்களே, கூட வந்த ஆண்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க நாம் சுவரில் சாய்ந்து நிற்போமே, அதை ஒருவரும் கேட்பதில்லை.

சரி, அளவு. இரண்டு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 7 கிராம் புரதமும் 190 கலோரியும் இருக்கும். ஒரு நாளைக்கு அது போதும். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தால் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.