கப்பல் கேபினில் மாதக்கணக்கில் தூங்க முடியுமா?

"கப்பலில் வேலைக்குச் சேரப் போகிறேன்; கேபின் கூண்டு மாதிரி இருக்கும் என்கிறார்கள், அதில் ஏழெட்டு மாதம் எப்படித் தூங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதன்முறையாகக் கடலுக்குப் போகிறவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். 'கூண்டு' என்ற அந்தச் சொல்லைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் குமரி மாவட்டக் கடலோரத்துத் தூத்தூர்ப் பக்கத்துக்காரன். சரக்குக் கப்பலில் ஏறுவதற்கு முன், 2009 முதல் நான்கு ஆண்டுகள், சித்தப்பா பங்குகாரராக இருந்த படகில் சுறாவுக்கும் சூரைக்கும் தூண்டில் போடப் போனேன். கொச்சியிலிருந்து புறப்பட்டால் கரை திரும்ப முப்பது, நாற்பது நாள் ஆகும். அறுபதடிப் படகில் பதினொரு பேர். படகை ஓட்டும் அறையான வீல் ஹவுஸுக்குப் பின்னால் இரண்டு தட்டாக அடித்திருந்த பலகைகளில் ஆறு பேர் படுக்கலாம். மற்றவர்களுக்கு மேலே தார்ப்பாய்தான். என் பலகை கீழ்த்தட்டில், எஞ்சினுக்கு நேர் மேலே இருந்தது. ஒருக்களித்தால் முழங்கால் நடைவழியில் நீட்டிக்கொண்டிருக்கும். தலைக்கு உயிர்காப்பு ஜாக்கெட்டை மடித்து வைத்துக்கொள்வேன்.

ஒருமுறை பத்தொன்பதாம் நாள் எனக்குக் கடும் காய்ச்சல் கண்டது. தூண்டில் இழுக்கும் நேரமாதலால் எல்லோரும் என் முழங்காலைத் தாண்டித்தான் போய்வர வேண்டியிருந்தது. விளக்கு நேராகக் கண்ணில் அடித்தது. சித்தப்பா தம் ஈரச் சாரத்தை (லுங்கியை) இரண்டு ஆணிகளில் மாட்டி என் பலகைக்குத் திரையாக்கினார். சொட்டிய உப்புநீர் கழுத்தை நனைத்தாலும், அந்தத் திரைக்குள்தான் அன்று கண்ணயர்ந்தேன்.

2014-இல் கப்பலில் ஏறிய முதல் இரவு, கேபின் கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் அப்படியே நின்றிருந்தேன். பழைய கப்பல்தான், கைகழுவும் தொட்டியின் குழாய் ஒழுகியது. ஆனாலும் கதவு இருந்தது. கப்பல் தொழிலாளர்களுக்காகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உருவாக்கிய கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் 2006-இல் ஏற்கப்பட்டு 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் கட்டப்படும் கப்பல்களில் படுக்கையின் உள்ளளவு 198 × 80 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, அறையின் உயரம் 203 சென்டிமீட்டராவது வேண்டும், பெரிய சரக்குக் கப்பலில் ஆளுக்கொரு அறை தர வேண்டும். இந்தியாவும் 2015-இல் அதை ஏற்றது. ஆகவே புதிய கப்பலானால், உங்கள் கேபின் சிறியதாக இருந்தாலும் அந்த அளவுகளுக்குக் குறையாததாகவே இருக்க வேண்டும். தனி அறைதானா என்று மட்டும் ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கப்பல் பக்கவாட்டில் உருளும்போது மெத்தையின் வெளி விளிம்புக்கு அடியில் உயிர்காப்பு ஜாக்கெட்டைச் செருகிச் சுவரோடு ஒட்டிப் படுத்தால், உடம்பு உருளாது. எடுத்த ஜாக்கெட்டைக் காலையில் அதன் இடத்தில் வைக்கத் தவறாதீர்கள்.

ஆனால் அந்த ஒப்பந்தம் மீன்பிடிப் படகுகளுக்குப் பொருந்தாது. மீன்பிடித் தொழிலுக்கென 2007-இல் உருவான ஒப்பந்தம் 2017 நவம்பர் 16-இல், எங்கள் பகுதி மீனவர்கள் பலரைப் பலிகொண்ட ஒக்கி புயலுக்கு இரண்டே வாரம் முன், உலக அளவில் நடைமுறைக்கு வந்தது. அதிலும் அந்த 198 × 80 அளவு 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமான படகுகளுக்குத்தான். எங்கள் அறுபதடி, 18 மீட்டர்தான். படகு முதலாளிகளைக் குறை சொல்ல வந்தவன் என்று யாரும் எண்ண வேண்டாம். எங்கள் ஊரில் முதலாளியும் பெரும்பாலும் பங்குகாரர்தான், அவரும் அதே பலகையில்தான் படுக்கிறார். ஐஸ், டீசல், குடிநீர், இரை எல்லாவற்றையும் ஏற்றியபின் மிஞ்சும் இடமே மனிதனுக்கு. "அவர்களுக்குப் பழகிவிட்டது" என்று கரையில் இருப்பவர்கள் சொல்லும்போதுதான் எனக்குத் தாங்க முடிவதில்லை. நான்கு ஆண்டுகளில் எனக்குப் பழகவில்லை.

சென்ற விடுமுறையில் சித்தப்பா பங்கு போட்டிருக்கும் புதுப் படகின் பலகையை டேப் வைத்து அளந்தேன். அகலம் 58 சென்டிமீட்டர். இன்னொரு பலகை சேர்த்து அடிக்கச் சொன்னேன். அடித்தால் ஐஸ் அறைக்கு இறங்கும் வழி அடைபடும் என்றார் ஆசாரி. திரைத்துணிக்கு மட்டும் கம்பி கட்டித் தந்திருக்கிறார்.