பழைய கம்ப்யூட்டருக்குப் படம் வரவழைப்பது எப்படி? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: எங்கள் அத்தா 1980-களில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் 48கே கம்ப்யூட்டர் பரணில் கிடைத்தது. ஆன்டெனா ஒயர் மாதிரி ஒன்றில்தான் டிவியோடு இணைக்க வேண்டுமாம். புது எல்.இ.டி. டிவியில் எவ்வளவு தேடியும் சேனல் கிடைக்கவில்லை. உள்ளே இருக்கும் வெள்ளித் தகரப் பெட்டியைப் பிடுங்கிவிட்டு வேறு ஒயர் கொடுக்கலாம் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?
– வாசகி, கூத்தாநல்லூர்

பதில்: பிடுங்க வேண்டாம். அத்தா கொண்டுவந்த மிஷின் அப்படியே இருக்கட்டும். ஒரு ரெசிஸ்டரின் ஒரு காலையும் ஒரு ஒயரையும் மட்டும் கழற்றி வேலையை முடித்துவிடலாம். நாளைக்கு வேண்டுமென்றால் திரும்பப் பற்றவைத்துக்கொள்ளலாம்.

முதலில் கரண்டு விஷயம். நம்மூரில் வாங்கும் 9 வோல்ட் அடாப்டர் பெரும்பாலும் நடுவில் பிளஸ், வெளியே மைனஸ். ஸ்பெக்ட்ரமுக்கு நேர் எதிர், நடுவில்தான் மைனஸ். மாற்றிச் செருகினால் உள்ளே 12 வோல்ட்டும் மைனஸ் 5 வோல்ட்டும் தயாரிக்கிற டிரான்சிஸ்டர் போகும். அது போனால் கூடவே 4116 மெமரி சிப்களும் போக வாய்ப்பு உண்டு. மல்டிமீட்டரில் அளந்து பார்க்காமல் செருகவே செருகாதீர்கள். குறைந்தது 1.4 ஆம்பியர் தரும் அடாப்டராக இருக்கட்டும்.

இனி படம். அந்தத் தகரப் பெட்டிக்கு மாடுலேட்டர் என்று பெயர். கம்ப்யூட்டர் தயாரிக்கும் வீடியோவை அது யுஹெச்எஃப் என்ற டிவி அலைவரிசையில் 36-ஆம் சேனலாக, 591.25 மெகாஹெர்ட்ஸில், மாற்றி அனுப்புகிறது. உங்கள் டிவியில் அனலாக் டியூனரும், கையால் டியூன் செய்யும் வசதியும் இருந்தால் அந்த இடத்தில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். தானாகத் தேடும்போது பல டிவிகள் இந்தச் சிக்னலைத் தாண்டிப் போய்விடும். கிடைத்தாலும் படம் புழுதி படிந்த மாதிரிதான் தெரியும்.

நல்ல வழி, மாடுலேட்டருக்குள் போவதற்கு முன்பே வீடியோவைப் பிடித்து டிவியின் ஏவி சாக்கெட்டுக்கு (மஞ்சள் நிறத்தில் இருப்பது) கொடுப்பது. அடியில் உள்ள ஐந்து ஸ்க்ரூவையும் கழற்றி மேல் மூடியை மெதுவாகத் தூக்குங்கள். வெடுக்கென்று தூக்கக்கூடாது. கீபோர்டிலிருந்து போர்டுக்கு வரும் பிளாஸ்டிக் பட்டை நாற்பது வருஷத்தில் மொறுமொறுவென்று ஆகியிருக்கும், மடங்கின இடத்தில் பொட்டென்று விட்டுவிடும். சாக்கெட்டிலிருந்து நேராக மேலே இழுங்கள், சாய்க்காதீர்கள்.

மாடுலேட்டருக்குப் பக்கவாட்டில் இரண்டு ஒயர் போகும். ஒன்று 5 வோல்ட், மற்றொன்று வீடியோ. எது எது என்று மீட்டர் வைத்தால் தெரியும்: ஒன்றில் அசையாமல் 5 காட்டும், இன்னொன்றில் அதைவிடக் குறைவாக இருக்கும். தகர மூடியை நெம்பித் திறந்தால் உள்ளே ஒரு ரெசிஸ்டர், வெளியே இருக்கும் சாக்கெட்டின் நடுப்பகுதிக்கு வந்து சேர்ந்திருக்கும். சாக்கெட் பக்கத்துக் காலை மட்டும் சூடாக்கி எடுத்து, நுனியில் ஸ்லீவ் போட்டு ஒதுக்குங்கள். 5 வோல்ட் ஒயரையும் எடுத்துவிட்டால் மாடுலேட்டர் தூங்கிவிடும், படத்தில் அதன் இரைச்சல் கலக்காது.

வீடியோ ஒயரை நேரடியாகச் சாக்கெட்டில் பற்றவைத்தாலே பல டிவிகளில் படம் வரும். நான் அதோடு நிறுத்த மாட்டேன். டிவியின் ஏவி சாக்கெட்டுக்குள் 75 ஓம் சுமை இருக்கிறது. ஸ்பெக்ட்ரமின் வீடியோ சர்க்யூட் மாடுலேட்டருக்காகச் செய்தது, இவ்வளவு சுமையை இழுக்கச் செய்ததில்லை. அதனால் நடுவில் ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் போடுங்கள். அதன் மூன்று காலில் கலெக்டர், மாடுலேட்டரிலிருந்து எடுத்த 5 வோல்ட் ஒயருக்கு, பேஸ் வீடியோ ஒயருக்கு. எமிட்டரிலிருந்து ஒரு 75 ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சாக்கெட்டின் நடுவுக்கு. இவ்வளவுதான் சர்க்யூட். சிக்னலில் பாதி உங்கள் ரெசிஸ்டரிலும் பாதி டிவிக்குள் இருக்கும் 75 ஓமிலும் விழும். டிவி எதிர்பார்ப்பது மொத்தம் 1 வோல்ட்: அதில் 0.3 சிங்க் (படத்தை அதன் இடத்தில் நிறுத்தும் சிக்னல்), 0.7 படம். பிசி547 எந்த ஊர் டிவி மெக்கானிக்கிடமும் இருக்கும், கேட்டால் காசுகூட வாங்க மாட்டார்.

புது டிவியில் மஞ்சள் சாக்கெட் இல்லாமல், 3.5 மில்லிமீட்டர் ஓட்டை மட்டும் இருந்தால் கவனம். அந்த நான்கு வளைய ஜாக்கில் எது வீடியோ, எது கிரவுண்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டிவியோடு வந்த ஒயரையே பயன்படுத்துங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் சில டிவிகளில் படம் நிற்காமல் உருண்டுகொண்டே இருக்கும், அல்லது திரை நீலமாகிவிடும். ஸ்பெக்ட்ரம் ஒரு படத்துக்கு 312 வரி அனுப்புகிறது, நொடிக்கு 50-ஐ விடச் சற்று அதிகமான படம். டிவி நிலையம் அனுப்புவது போல ஒற்றை வரி, இரட்டை வரி என்று பின்னி வராது. பழைய பிக்சர் டியூப் டிவி இதைக் கண்டுகொள்ளாது, புதியவற்றில் சில அடம்பிடிக்கும். உங்கள் வேலையில் குறை என்று நினைத்து மறுபடி மறுபடி பற்றவைத்துப் போர்டைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், பக்கத்து வீட்டு டிவியில் போட்டுப் பாருங்கள். வெள்ளைத் திரையின் அடியில் 1982 என்று போட்டு சின்க்ளேர் பெயர் வந்தால் மிஷினுக்கு உயிர் இருக்கிறது. சத்தம் டிவியில் வராது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரில்தான் கேட்கும்.

கேள்வி: எங்கள் அரிசி ஆலையில் கணக்கு எழுதிய பழைய பிசி எக்ஸ்டி இருக்கிறது. மானிட்டருக்குப் படம் அனுப்புவது சிஜிஏ கார்டு, ஒன்பது பின். அதிலிருந்து 15 பின் விஜிஏ மானிட்டருக்கு நானே கேபிள் செய்தேன். மானிட்டர் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்கிறது.
– வாசகர், பாபநாசம்

பதில்: கேபிள் மட்டும் போதாது. சிஜிஏ நொடிக்குச் சுமார் 15,700 வரி போடும், விஜிஏ மானிட்டர் 31,500-க்குக் கீழே வராது. அதை இரட்டிப்பாக்க, ஆர்கேட் கேம்களுக்காக விற்கும் ஜிபிஎஸ்-8200 மாதிரி கன்வெர்ட்டர் போர்டு வேண்டும்.

அந்தப் போர்டுக்கும் நேராகக் கொடுக்கக்கூடாது. சிஜிஏ-யில் வருவது டிஜிட்டல் சிக்னல், 5 வோல்ட் கணக்கு. போர்டு கேட்பது 0.7 வோல்ட். பின் 3 சிவப்பு, 4 பச்சை, 5 நீலம். ஒவ்வொன்றிலும் 470 ஓம் தொடராகப் போடுங்கள். பின் 6 பிரகாசம். அதை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையிலும் ஒரு 1என்4148 டயோடும் 1 கிலோ ஓமும் வைத்து மூன்று நிறத்திலும் சேருங்கள். டயோடு இல்லையென்றால் ஒரு நிறம் இன்னொன்றில் கசியும். 8 கிடைவரி சிங்க், 9 செங்குத்து சிங்க், 1-ம் 2-ம் கிரவுண்ட்.

பழுப்பு நிறம் வர வேண்டிய இடத்தில் பாசி மஞ்சள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஐபிஎம், சிஜிஏ-க்காகச் செய்த தன் 5153 மானிட்டருக்குள்ளேயே அந்த ஒரு நிறத்துக்கு மட்டும் பச்சையைப் பாதியாகக் குறைத்தது. நம் ரெசிஸ்டர்களுக்கு அது தெரியாது.

ஒன்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒற்றை நிறப் படம் தரும் ஹெர்குலிஸ் கார்டுக்கும் இதே ஒன்பது பின்தான். ஆனால் அதில் படம் 7-ஆம் பின்னில் வரும், வேகமும் வேறு. உங்களுடையது சிஜிஏ-தான் என்று கார்டைக் கழற்றிப் பார்த்த பிறகு சால்டரிங் அயர்னைச் சூடாக்குங்கள்.

கேள்வி: ஏவி சாக்கெட் இல்லாத பழைய கறுப்பு வெள்ளை டிவியின் உள்ளே வீடியோ லைனைத் தேடி கம்ப்யூட்டரை நேராக இணைக்கலாமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: தயவுசெய்து வேண்டாம். அந்தக் காலத்துப் பல செட்களில் கிரவுண்ட் என்று நாம் நினைப்பது நேராக வீட்டு கரண்டோடு சேர்ந்திருக்கும். அந்தக் கிரவுண்டை உங்கள் கம்ப்யூட்டரோடு இணைத்தால், கீபோர்டில் கை வைப்பவருக்கு 230 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் ஷாக் தேங்கியிருக்கும். 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடுகிற சின்ன செட்களில் டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் ஆபத்து குறைவு. அதிலும் அனுபவமுள்ள மெக்கானிக் கையால்தான் செய்ய வேண்டும்.

இலங்கை டிவியான ரூபவாஹினி பார்க்க நம் பக்கத்தில் இரும்புக் குழாய் நட்டு ஆன்டெனா உயர்த்திய காலத்து டிவிகள் பெரும்பாலும் யுஹெச்எஃப்-ஐவிடத் தாழ்ந்த விஹெச்எஃப் அலைவரிசையை மட்டும்தான் எடுக்கும். ஸ்பெக்ட்ரமின் 36-ஆம் சேனல் அவற்றில் வரவே வராது. உங்கள் ஊர் கேபிள் ஆபரேட்டரிடம் மூலையில் கிடக்கும் பழைய அனலாக் மாடுலேட்டரைக் கேட்டுப் பாருங்கள். ஏவி உள்ளே கொடுத்தால் விஹெச்எஃப் சேனலாக வெளியே வரும். டிவியின் பின்மூடியைத் தொடவே வேண்டாம்.